அட்டையில் பாதி முகம்

போன வாரம் ரயிலில் தலையில்லாத ஓர் ஆணைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம், புத்தக அட்டையில்தான்.

பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாகிவிட்டது. பங்காருபேட்டையில் வேலைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஏறி, அதில் பாதி என் மடியில் உட்கார்ந்த பிறகு, எதிர் சீட்டுப் பெண் பையிலிருந்து தடியாக ஓர் இங்கிலீஷ் நாவலை எடுத்தாள். கறுப்பு அட்டை. நடுவில் சட்டை போடாத ஒரு மார்பு. அதன் குறுக்கே ஒரு ரோஜா, ரோஜாவோடு ஒரு கத்தி. கழுத்துக்கு மேலே புத்தகத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டதால் ஆளுக்குத் தலை வைக்க இடமில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, இவுருக்குத் தலை எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "டார்க் ரொமான்ஸ் ஆன்ட்டி. இதுல ஃபேஸ் காட்ட மாட்டாங்க. நாமளே இமாஜின் பண்ணிக்கணும்."

சொல்லிவிட்டு அவள் பக்கத்தைப் புரட்டினாள். புதுப் புத்தகத்தின் பசை வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், ரயில் முன்னால் போயிற்று, நான் பின்னால் போய்விட்டேன். இமாஜின் பண்ணுவதைப் பற்றி எனக்கா சொல்கிறாய் பெண்ணே? எங்கள் காலத்தில் அட்டைக்குப் பாதி முகமாவது கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு எங்கள் லைனே பைத்தியம் பிடித்து அலைந்தது.

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். எங்கள் வீட்டுக்குச் சுவர் இருந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. மூங்கில் தட்டி, அதன் மேல் மண் பூச்சு, அவ்வளவுதான். தங்கம் எடுத்தது போக மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்த சயனைட் மேடு எங்களுக்கு எதிரே நின்றது. ஆடிக் காற்று அடித்தால் அந்த வெள்ளைத் தூசி தட்டி இடுக்கு வழியாக வந்து சோற்றில் உட்காரும். அதைத் தடுக்க ஒரே வழி காகிதம் ஒட்டுவது. மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் விஷமான மயில்துத்தம் கொஞ்சம் போட்டு, கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் ஒட்டுவோம். எங்கள் வீட்டில் பசை காய்ச்சுவதும் ஒட்டுவதும் என் வேலை. எனக்கு அப்போது பதினைந்து வயது. படிப்பில் சுமார், பசையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

கையில் கிடைத்த காகிதத்திலேயே கெட்டியானதும் அழகானதும் மாத நாவலின் அட்டை. அந்த நாவல்கள் பங்காருபேட்டை ரயிலடிக் கடைக்கு வரும். தலைப்பில் ரத்தம், மாளிகை, மோகம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று ஏதோ சட்டம் இருந்திருக்க வேண்டும். ஒருத்தி ஒரு பழைய மாளிகைக்குப் போவாள், அங்கே ஒரு முரடன் இருப்பான், அவன் கொலைகாரனா காதலனா என்று தெரியாமல் அவள் நூறு பக்கம் அழுவாள். கடைசியில் இரண்டும்தான் என்று தெரிந்து சந்தோஷமாகக் கல்யாணம் செய்துகொள்வாள்.

இதை லைன் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்குவார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதி, ஷிஃப்ட் மாறி, ஆம்பிளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடும். படிக்கத் தெரிந்தவள் என் அக்கா யசோதரா. வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, கணீரென்ற குரல். முரடன் பேசும் இடத்தில் குரலைத் தாழ்த்துவாள் பாருங்கள், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிடும். கல்லோடு சோறு தின்ற கணவன்மார்களின் சாபம் அவளைத்தான் சேர வேண்டும். படித்ததற்குக் கூலியாகப் புத்தகத்தின் அட்டையை அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். புத்தகம் எல்லோருக்கும், அட்டை யசோவுக்கு என்பது பேச்சு. அதன் பிறகு நாவல் மொட்டையாக லைன் முழுக்கச் சுற்றும்.

பக்கத்து வீட்டு முனியம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் வருத்தம் உண்டு. "கதைய நீங்களே வெச்சிக்கங்க, அட்டைய எனக்குக் குடுங்க" என்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அட்டையை மட்டும் அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஒரு கதை சொல்வாள். அது உள்ளே இருப்பதைவிட நன்றாக இருக்கும். அவள் புருஷன் ஒருநாள் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது ஒரு நாவலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். வெளியே வரும்போது தங்கக் கல் ஒளித்திருக்கிறானா என்று கேட்டில் தடவிப் பார்ப்பார்களே, அதில் மாட்டிக்கொண்டது. காவல்காரர் ரொம்ப நல்லவர். அட்டையை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்தும் வேலையில் மேஸ்திரி. வெளியே பௌத்த சங்கத்தில் ஏதோ ஒரு பொறுப்பு. சுவரில் புத்தர் படம் ஒன்று மாட்டியிருந்தார். நான் ஒட்டி ஒட்டி, புத்தருக்கு இரண்டு பக்கமும் முந்தானை நழுவிய பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். புத்தர் கண்ணை மூடியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை, நைனாவுக்குத்தான் தாங்கவில்லை. கிழிக்கப் பார்த்தார். காகிதத்தோடு மண்ணும் பெயர்ந்து வந்து, ஓட்டை வழியாக முனியம்மா வீட்டு அடுப்பு தெரிந்தது. அதோடு கிழிப்பதை விட்டார். பழைய காலண்டர்களை எடுத்துப் புடவை வடிவத்தில் வெட்டி அந்தப் பெண்களுக்குக் கட்டிவிட ஆரம்பித்தார். ஒருத்திக்கு உர மூட்டை காலண்டரிலிருந்து புடவை. முந்தானையில் ஒரு மாட்டுக் கால் இருந்தது. தலைப்புகளையும் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. மோகம் என்கிற எழுத்து புத்தர் பக்கத்தில் இருக்கலாமா? நான் கத்தரிக்கோலால் எல்லாத் தலைப்பையும் வெட்டிவிட்டேன். படம் மட்டும் மிச்சம். இந்தத் தலைப்பை வெட்டிய கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அட்டைகளை வரைந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை. அவர் பெயர் தேவராஜ். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் கடை வைத்திருந்த ஆண்டர்சன்பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது. டேஞ்சர் என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். மண்டை ஓடும் எலும்பும் போட்டுச் சுரங்கத்துக்கு அபாயப் பலகை எழுதுவது அவர் தொழில். மெட்ராஸ் அச்சகம் ஒன்றில் அவர் மைத்துனர் வேலை பார்த்தார். அந்த வழியில் இந்த வேலை வந்தது. கதையை அவர் படித்ததே கிடையாது. ஒரு மாளிகை, ஒரு பெண், ஒரு ரகசியம் என்று சொல்லி அனுப்புவார்கள். ரகசியத்தை எப்படி வரைவது என்று அவர் ஒருநாளும் தலையை உடைத்துக்கொண்டதில்லை. அந்த இடத்தில் ஒரு மண்டை ஓட்டை வைத்துவிடுவார்.

அவர் பார்த்த ஒரே மாளிகை பெரிய துரையின் பங்களா. பார்த்த ஒரே கோபுரம், ஆட்களை இறக்குகிற கேஜ் என்கிற கூண்டுக்கு, ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் மேல் நிற்குமே, அந்தச் சக்கரக் கோபுரம். ஆகவே அவர் அட்டைகளில் ஜமீன் மாளிகைக்குப் பின்னால், நிலா வெளிச்சத்தில், சக்கரம் வைத்த கோபுரம் ஒன்று கட்டாயம் உண்டு. மெட்ராஸ்காரர்கள் ஜமீன்தார் ஏதோ பெரிய கிணறு இறைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். பேய் வந்தால் காலில் சுரங்க ஆட்களின் ரப்பர் கம்பூட் போட்டுக்கொண்டு வரும். கை வரைய அவருக்கு வராது, அதனால் அவருடைய காதலர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே காதலித்தார்கள். ஒருமுறை பழக்க தோஷத்தில், நெருங்கி நிற்கும் காதலர்களுக்குக் கீழே "இங்கே புகை பிடிக்காதே" என்று எழுதிவிட்டார். மெட்ராஸில் அதைத் துணைத் தலைப்பு என்று நினைத்து அப்படியே அச்சடித்தார்கள். அந்த மாதம் நன்றாக விற்றதாகக் கேள்வி.

இப்படிச் சிரித்தாலும் ஒரு விஷயத்தில் டேஞ்சரை அசைக்க முடியாது. அவர் வரைந்த ஆண். எல்லா அட்டையிலும் ஒரே ஆள்தான். ஜமீன்தார் மகன், கொலைகாரன், செத்துப்போன முதல் காதலன், எல்லாம் அவனே. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி முகம் கும்மிருட்டில். அடர்ந்த புருவம். எதையோ சொல்ல வந்து வேண்டாமென்று நிறுத்திக்கொண்ட உதடு. அந்த இருட்டுப் பாதியில்தான் நாங்கள் எல்லோரும் விழுந்தோம். அந்தப் பக்கத்துக் கண்ணில் கண்ணீர் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பக்கம் இன்னொருத்தி நிற்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். முனியம்மா பெருமூச்சு விட்டு, "எங்கூட்டு ஆளு சின்ன வயசுல இப்டித்தான் இருந்தாரு" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் தொப்பையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம், அட்டையைப் பார்த்தோம், ஆமாம் அக்கா என்றோம்.

நைனாதான் ஒருநாள் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது எதிர்ல நிக்கறவன் தலை வெளக்கு உழுந்த மூஞ்சி. கீழ லெவல்ல, இருட்டுல நாங்க ஒருத்தர ஒருத்தர் இப்டித்தான் பாத்துக்குவோம். இவன் யாரோ அண்டர்கிரவுண்ட் ஆளு."

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? பெண்களைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை. கீழே நம் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று லைனில் ஒருத்திக்கும் தெரியாது. காலையில் ஒரு முகம் உள்ளே போகும், மத்தியானம் ஒரு முகம் வெளியே வரும், நடுவில் உள்ள முகத்தை டேஞ்சர் அட்டையில் போட்டு அனுப்புகிறார். பெண்கள் வாசலில் நின்று ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும் பார்த்தேன். கட்டினால் அவரைத்தான் கட்டுவது என்று புத்தர் முன்னால் முடிவும் செய்திருந்தேன். யசோக்காவும் அதே முடிவில்தான் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பசையில் துத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருப்பேன்.

இதற்கிடையில் நைனா யசோக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பங்காருபேட்டையில் ஒரு குமாஸ்தா. நைனாவுக்கு ஒரே நிபந்தனைதான், மாப்பிள்ளை சர்ஃபேஸ் ஆளாக இருக்க வேண்டும், பூமிக்கு மேலே வேலை செய்ய வேண்டும். "எங்க வேணா உக்காந்து எழுதட்டும். வெய்யில் அவன் மேல படணும்" என்பார். காரணம் எல்லோருக்கும் தெரியும். பூமிக்குக் கீழே பாறை தானாக வெடிப்பதை ஏர்பிளாஸ்ட் என்போம். தரை ஒரு குலுக்குக் குலுக்கும், அலமாரியில் பாத்திரம் உருளும். எங்கள் ஊரில் பாத்திரம் உருண்டால் பெண்கள் அதை எடுத்து வைக்க மாட்டார்கள். போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அங்கே நின்று, கேஜ் ஏறி ஏறி வர, தன் ஆள் அதில் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். அம்மா கல்யாணமான நாளிலிருந்து ஓடுகிறாள். இந்த வீட்டிலிருந்து இன்னொருத்தி ஓடக் கூடாது என்பது நைனாவின் பிடிவாதம். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் ஒரு முற்பகல். யசோக்கா தையல் மெஷினில் இருந்தாள். தரை குலுங்கியது, புத்தர் படம் ஆணியில் ஆடியது, சொம்பு உருண்டு வாசல் வரை போனது. அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு ஓடினாள். பின்னால் நாங்கள் இருவரும். ஷாஃப்ட் வாசலில் லைனே திரண்டு நின்றது. முனியம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கேஜ் வந்தது, நைனா இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. முனியம்மாவின் புருஷன் அதில் இறங்கி வந்தார். அந்தத் தொப்பையை அவள் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், அட்டையெல்லாம் எந்த மூலைக்கு என்று தோன்றியது.

அடுத்த கேஜில் நைனா வந்தார். ஓடியதில் கால் பிசகி, ஓர் இளைஞனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். அவனுடைய ஒரு பக்கம் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அடர்ந்த புருவம். சொல்ல வந்து நிறுத்திய உதடு. யசோக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அட்ட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா நைனாவைத் தலை முதல் கால் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒடிந்தது ஒன்றுமில்லை என்று நிச்சயமானதும், "டிபன் பாக்ஸ் எங்க?" என்று அதட்டினாள். அந்த இளைஞன் அதைக் கொடுக்கத் திரும்பினான். அப்போது மறுபாதியைப் பார்த்தோம். புருவத்திலிருந்து தாடை வரை தோல் சுருங்கி, உள்ளே நீல நீலமாகப் புள்ளிகள். முன்பு ஒரு நாள், பாறைத் துளையில் வெடிக்காமல் தங்கிவிட்ட வெடிமருந்து, துளை போடும்போது வெடித்துக் கல்துகளை முகத்தில் பதித்துவிட்டுப் போயிருந்தது. தோலுக்கு அடியில் அந்தக் கல் நீலமாகியிருந்தது. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவன் சட்டென்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அந்த இருட்டில் நான் கண்ணீரை வைத்திருந்தேன், அங்கே இருந்ததோ கருங்கல். அந்த இடத்திலேயே என் கல்யாணத்தை ரத்து செய்துவிட்டேன். யசோக்கா மட்டும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் தையல் போர்டு எழுத வேண்டும் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனாள். டேஞ்சர் ஒரு மண்டை ஓட்டுக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கத்த ஏன் நீங்க வரையறதே இல்ல?" என்று நேராகக் கேட்டாள். எந்தப் பக்கம், யார் பக்கம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"மெட்ராஸ்ல மூணே கலர்தாம்மா போடறாங்க. கறுப்பு, செவப்பு, மஞ்சள். நீலத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். பிறகு பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சம்பத்து என் அக்கா மவன். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தா எவ்ளோ நேரம் வேணா உக்காருவான். ஆனா அந்தப் பக்கத்த சுவத்துக்குக் குடுத்துட்டுத்தான் உக்காருவான். பஸ்ஸுல, டீக்கடையில, எங்க போனாலும் அப்டித்தான். ரெண்டு எடத்துல பொண்ணு பாக்கப் போனோம். மூஞ்சியப் பாத்துட்டு காப்பிகூடக் குடுக்கல."

வரும் வழியெல்லாம் யசோக்கா வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்குச் சத்தமாக நாவல் படிக்கிற பெண் அப்படி மௌனமாக நடந்தால் பயமாக இருக்காதா?

பங்காருபேட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் நல்ல வெள்ளைச் சட்டையில், வெயில் பட்ட முகத்தோடு, நைனா கேட்டபடியே இருந்தான். அவன் அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. நைனா அன்று சுவரை மறைக்க ஒரு போர்வையைக் கட்டியிருந்தார். ஆடிக் காற்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. அந்த அம்மாள் எழுந்து போய், போர்வையை விலக்கி, வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெண்கள் மேலும் மண்டை ஓடுகள் மேலும் நைனா காலண்டர் காகிதம் ஒட்டியிருந்தார். தலைப்பை நான் வெட்டியிருந்தேன். மிச்சம் இருந்தது புத்தரும், சுற்றிலும் அந்த அரை முகமும்தான்.

"யாருங்க இவரு? எல்லா போட்டோவுலயும் இவரே கீறாரு. உங்க சொந்தமா?" என்று கேட்டார். பங்காருபேட்டைக்காரர் என்பதால் கடைசியில் கன்னடத்தில் ஒரு "ஹௌதா?" என்று சேர்த்து, அப்படித்தானே என்று நைனாவைப் பார்த்தார்.

நைனா போர்வையை மறுபடி இழுத்து மூடப் பார்த்தார். புத்தர் பக்கத்திலேயே இத்தனை படம் மாட்டியிருக்கும் ஓர் ஆளை யாரென்று சொல்வது? நாவல் அட்டை என்று சொன்னால் மானம் போகும், சொந்தம் என்று சொன்னால் பொய்யாகும். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

யசோக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். "இன்னும் இல்லீங்க. ஆவப் போறாரு" என்றாள்.

காபி ஆறியது. அந்த அம்மாள் பையனின் கையைப் பிடித்து எழுப்பினார். பாவம், அந்தப் பையன் வந்த நேரத்திலிருந்து பெண்ணைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் நின்று திரும்பி, "போன மாசப் புத்தகம் எனக்குக் கெடைக்கல. அந்த ஜமீன்தார் மகன் கடைசில செத்துடறானா?" என்று யசோக்காவிடம் கேட்டான்.

"சாவ மாட்டாரு" என்றாள் அவள். அவன் நிம்மதியாகப் போனான். நல்ல பையன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

நைனா அடிக்கிறவர் இல்லை. சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து, "அவன் அண்டர்கிரவுண்டு ஆளும்மா" என்றார்.

"நீயுந்தான் அண்டர்கிரவுண்டு. அம்மா உன்னக் கட்டிக்கினு இன்னா கெட்டுப்போச்சு?"

"கேளு, உங்கம்மாவையே கேளு."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஓடி ஓடிக் காலு தேஞ்சிபோச்சு" என்றாள். யசோக்காவின் முகம் விழுந்துவிட்டது. அம்மா குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து, "தேஞ்சா தேயட்டும். அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்றாள்.

சம்பத் வந்தார். எங்கள் பெஞ்சில், நீலப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே தன் முகமே வரிசையாக ஒட்டியிருப்பதைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். "இதெல்லாம் மாமா பண்ற வேல மேஸ்திரி. எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க பொண்ணு இந்தப் பாதியப் பாத்துட்டு ஏமாந்துட்டாங்கன்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

யசோக்கா டீ டம்ளரோடு வந்தாள். பெஞ்சின் இந்தப் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கி நின்றாள்.

"அங்க எடம் இல்லீங்க" என்றார் சம்பத்.

"எனக்குப் போதும்" என்றாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்கு வேறு பக்கம் இல்லை. டீ குடித்து முடிக்கும் வரை அவள் அங்கேயே நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் முதுகு உரசித் தட்டியிலிருந்து மண் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. அவரும் தட்டிவிடவில்லை. நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சர்ஃபேஸ் வேலைக்கு எழுதிக் குடுப்பியா?" என்று மட்டும் கேட்டார். குடுக்கறேன் மேஸ்திரி என்றார். எழுதியும் கொடுத்தார். ரிட்டயர் ஆகிற வயசில் அந்த வேலை கிடைத்தது. அதுவரை பாத்திரம் உருண்ட போதெல்லாம் யசோக்கா ஓடினாள். ஒவ்வொரு முறையும் அவர் ஏறி வந்தார். கடைசியில் கட்டிலில் படுத்து, காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் செத்தார்.

கல்யாணப் படம் எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோக்காரர் மாப்பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். யசோக்கா மணப்பெண் என்பதையும் மறந்து, அவர் மோவாயைப் பிடித்து நேராகத் திருப்பி வைத்தாள். "இப்ப எடுங்க" என்றாள். படம் வந்தபோது பார்த்தால் அவர் முகம் உரித்த முட்டை மாதிரி வழவழவென்றிருந்தது. ஸ்டூடியோக்காரர் உபகாரமாக நெகட்டிவில் பென்சில் வைத்து அத்தனை புள்ளியையும் அழித்திருந்தார். "உன்ன எவன் கேட்டான்?" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவே கூடிவிட்டது. அழித்தது அழித்ததுதான். அதற்குப் பிறகு அவர் யார் எடுத்த படத்திலும் நேராக நிற்கவில்லை. யசோக்கா சொல்லியும் பார்த்தாள், அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் மசியவில்லை.

அந்தத் தட்டிச் சுவர் ஒரு மழையில் அட்டைகளோடு சேர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் இப்போது செங்கல் சுவர், தூசி வருவதில்லை. டேஞ்சர் போய்ச் சேர்ந்தார், அவர் அட்டை ஒன்றுகூட யாரிடமும் இல்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், சங்கு ஊதுவதில்லை. சக்கரக் கோபுரம் மட்டும் நிற்கிறது, சக்கரம் சுற்றுவதில்லை. பாத்திரம் உருண்டால் பூனை என்று நினைக்கிறோம்.

பெங்களூர் வீட்டில் யசோக்காவின் அறை வெள்ளைவெளேரென்று இருந்தது. ஆணி அடிக்கக் கூடாதாம். காபி குடித்துக்கொண்டே அந்தத் தலையில்லாத அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் பல்செட் ஆடச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேஜை மேல் இருந்த கல்யாணப் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"பாருடி, அந்த நல்ல பாதிய மெட்ராஸ் வரைக்கும் எல்லாரும் பாத்தாங்க. இந்தப் பாதிதான் என்னுது. அது ஒரு படத்துலயும் இல்ல. ராவும் பகலும் பாத்த மொகம், இப்பல்லாம் கண்ண மூடுனா சரியா வரமாட்டேன்னுது" என்றாள்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. "காதுக்கு முன்னால மூணு புள்ளி வரிசையா இருக்கும்க்கா" என்றேன். "பெருசு ஒண்ணு கண்ணுக்குக் கீழ, அவுரைக் கொட்ட மாதிரி. தாடையில பொடிப் பொடியா. மாமா சிரிச்சா அந்த மூணும் மடிஞ்சி ஒண்ணாப் பூடும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. "ஆமாண்டி, ஒண்ணாப் பூடும்" என்றாள்.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும், எம் புருசன எதுக்குடி நீ இவ்ளோ கிட்டக்கப் பாத்த?"